மிரியம் வீட்டுப் பெருநாட்களும் உடைக்காத சோடாவும்

1

போன கிழமை மோர்னிங்சைட் பிளாசாவிலுள்ள பெரிய கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். வாசலுக்குக் கிட்ட ஒரு மேசையில் சதுரப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். என்னோடு வந்த யோகம் அக்கா ஒரு பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை, பிஸ்கட்டோ?"

"மட்ஸா அக்கா. யூத ஆக்கள் பஸ்காவுக்குச் சாப்பிடுறது. மாவில தண்ணி பட்டவுடன புளிக்க விடாமல் சுட்டுப்போடுவினம். அந்த எட்டு நாளும் புளிக்க வைச்சுச் சுடுற பாண் அவையின்ர வீட்டுக்குள்ளயே வரக்கூடாது."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எனக்கும் வாய் நிற்கவில்லை. பஸ்காவுக்கு முன்னால் வருவது பூரிம், பின்னால் வருவது பாற்கட்டிக் கேக் சாப்பிடும் பெருநாள், புரட்டாதியில் அவர்களுக்குப் புதுவருடம், அதிலிருந்து பத்தாம் நாள் தண்ணீர்கூடக் குடியாத பெரிய விரதம், பிறகு கொட்டில் போட்டு அதற்குள் இருந்து சாப்பிடும் ஒரு கிழமை என்று அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று ஒரு வருடத்தையே சொல்லி முடித்தேன்.

"உமக்கு என்னெண்டு உவ்வளவும் தெரியும்?"

"முந்தி இருந்த இடத்தில பக்கத்து வீட்டில ஒரு யூத மனிசி இருந்தவா."

"நல்ல மனிசியோ?"

"ஓம், நல்ல மனிசி."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. ஸ்காபரோவில் ஒரு கதையை வாய்விட்டுச் சொன்னால் நாலு நாளில் எல்லாப் பிளாசாவுக்கும் போய்விடும். ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்குகிறேன். வாசிக்க உங்களுக்கும் சுலபமாக இருக்குமா என்று தெரியாது.

2

நாங்கள் கனடாவில் வந்திறங்கியது எண்பத்தாறாம் ஆண்டுக் குளிரில். நான், இவர், ஏழு வயது மகள் அபி. பாதர்ஸ்ட் வீதியில் ஒரு உயரக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் வீடு கிடைத்தது. சுற்றுவட்டாரம் முழுக்க யூதர்கள். எங்கள் அகதி வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. இமிக்கிரேஷனில் இருந்தவர் என் தகப்பனின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதிவிட்டதால், தபால் பெட்டியிலும் அதுவே ஒட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மிரியம் முதல் மாதம் முழுக்க என்னை "மிஸஸ் கந்தையா" என்றுதான் கூப்பிட்டாள். பத்து வருடத்துக்கு முன் செத்துப்போன என் ஐயாவின் மனைவியாகக் கொஞ்ச நாள் வாழ்ந்தேன். சாந்தி என்பதுதான் என் பெயர் என்று அபிதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மிரியத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஐந்து பிள்ளைகள். தலைமுடி வெளியே தெரியாமல் எப்போதும் துணி கட்டியிருப்பாள். சனிக்கிழமைகளில் லிஃப்ட்டில் ஏறமாட்டாள்; எட்டு மாடியையும் கடைக்குட்டியை இடுப்பில் வைத்தபடி ஏறுவாள். லிஃப்ட்டுக்குப் பயம் என்று நான் நினைத்திருந்தேன்; சனி அவர்களுடைய ஓய்வுநாள், அன்றைக்கு மின்சாரப் பொத்தானைத் தொடமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பங்குனியில் ஒரு நாள் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் அவளுடைய பிள்ளைகள் அரசன், அரசி, கோமாளி வேடங்களில் நின்றார்கள். நடுவில் மிரியம் ஒரு தட்டோடு நின்றாள். தட்டில் முக்கோணமாக மடித்துச் சுட்ட பலகாரம்; உள்ளே கசகசாவைத் தேனில் குழைத்து வைத்திருந்தாள். "இன்று பூரிம். எங்களைக் கொல்ல ஒருவன் நாள் குறித்தான். நடக்கவில்லை. அதனால் சாப்பிடுகிறோம்," என்றாள். வந்த நாளிலிருந்து எங்கள் கதவை யாரும் எதற்காகவும் தட்டியதில்லை.

வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வராது. பயறு வறுத்துத் திரித்து, பயற்றம் பணியாரம் சுட்டு, அவளுடைய தட்டில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். மணந்து பார்த்து, கண்ணை மூடி, "ஆகா!" என்றாள். வேலையில் என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை. அந்த "ஆகா"வோடு ஒரு கிழமை போயிற்று.

3

அந்த வருடம் அவர்களுடைய பஸ்காவும் எங்கள் சித்திரை வருடப்பிறப்பும் ஒன்றாக வந்தன. அதற்கு முந்திய கிழமை மிரியம் வீட்டையே தலைகீழாக்கினாள். அலுமாரிகள் கழுவப்பட்டன, பிள்ளைகளின் கோட்டுப் பொக்கற்றுகளை வெளியே இழுத்துப் பாண் துகள் உதறினாள். உடைத்த மாப் பைகள், மக்கரோனி, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் போட்டு எங்கள் வாசலில் வைத்தாள். "எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளைக்கு இது என் வீட்டில் இருக்கக்கூடாது," என்றாள்.

அந்த மாவிலேயே வருடப்பிறப்புக்கு றோல்ஸ் செய்தேன். காலையில் குளித்துச் சேலை கட்டி, சூட்டோடு சூடாக அவளுக்குக் கொண்டுபோனேன்.

கதவைத் திறந்தவள் தட்டைப் பார்த்தாள். உடனே வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்தி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாந்தி, எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இன்றைக்கு வேண்டாம். எட்டு நாள் கழித்து," என்றாள். வீட்டில் ஏதோ துடக்கு, தீட்டாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். எட்டு நாள் கழித்து வேறு செய்து கொடுத்தேன். வாங்கினாள்.

வைகாசி முடிவில் பாற்கட்டிக் கேக் வந்தது. அவளுடைய கணவர் விடியும்வரை கோயிலில் இருந்து வேதம் படிக்கும் பெருநாளாம் அது. பதிலுக்கு என் வடை போயிற்று. கோடையில் ஒரு நாள் அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. நிலத்தில், துணிச் சப்பாத்தோடு, தலையைக் குனிந்தபடி இருந்தாள். என்னைக் கண்டும் வணக்கம் சொல்லவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிப்போனேன். மறுநாள் விளக்கினாள். எருசலேமில் அவர்களுடைய கோயில் எரிக்கப்பட்ட நாளாம்.

"எப்ப?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் ஆகிவிட்டது."

எங்களுடைய ஆடிக் கலவரத்துக்கு அப்போது நாலு வருடம். சில நாட்களுக்கு முன்னால் வந்த அதன் நினைவு நாளில் நான் மேலதிக வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் ஆகும்வரை அது என்ன நாள் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

4

இனித் தவமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் தவமணியும் அவளுடைய கணவர் நடேசனும். மூன்றாம் மாடி. உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் முதலில் சந்தித்தோம். தமிழ்ச் சத்தம் கேட்ட சந்தோசத்தில் இவர் நடேசனின் கையையே பிடித்துவிட்டார். பிறகு கேட்டார்.

"ஊரில எவடம்?"

நடேசன் சொன்னார். எங்களுக்கு அடுத்த ஊர்.

"எந்தக் கோயிலடி?"

அதையும் சொன்னார். அதற்குப் பிறகு இவர் கதையைக் குளிருக்கு மாற்றிவிட்டார்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். விளங்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்: சாதி. அவர்கள் எங்களுக்குக் கீழே என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கடல் கடந்து, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்து இறங்கிய எங்களுக்கு அது மட்டும் பத்திரமாகக் கூடவே வந்திருந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. நானும் இவரும் வேலைக்குப் போனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் அபியை யார் பார்ப்பது? "நான் வீட்டிலதானே அக்கா, பிள்ளையை இஞ்ச விடுங்கோ," என்று தவம் தானாகவே சொன்னாள். காலையில் அபியின் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு அனுப்புவேன். தவம் சமைத்ததையும் அபி சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தேன்.

பின்னேரம் அபியைக் கூட்டப் போகும்போது தவம் கேட்பாள், "தேத்தண்ணி போடட்டோ அக்கா?"

"வேண்டாம் தவம், இப்பதான் குடிச்சனான்." இல்லாவிட்டால், "இண்டைக்கு விரதம்." இரண்டும் செல்லாத நாளில், "ஒரு கோக் இருந்தால் தாரும், காணும்."

ஊரில் அவர்கள் பக்கத்தில் செத்தவீடு, கலியாணவீடு என்று போனால் எங்கள் ஆட்கள் சோடாதான் குடிப்பார்கள். அதுவும் கண்ணுக்கு முன்னால் உடைத்துத் தரவேண்டும். கை படாத தண்ணீர் என்று கணக்கு. கனடாவில் சோடாப் போத்தலுக்குப் பதிலாகக் கோக் ரின் இருந்தது.

5

புரட்டாதியில் மிரியத்துக்குப் புதுவருடம். தேன் கேக் வந்தது. வருடம் இனிப்பாகத் தொடங்க வேண்டுமாம். நான் திரும்பவும் பயற்றம் பணியாரம் சுட்டேன். அவள் "ஆகா" சொன்ன முதல் பலகாரம் அல்லவா?

இரண்டு நாள் கழித்து லிஃப்ட்டில் கட்டடத்தைப் பராமரிக்கும் மனுவேல் ஏறினார். போர்த்துக்கல்காரர், எப்போதும் அவசரமாகப் போகிற ஆள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த மஞ்சள் உருண்டை நீங்கள் செய்ததுதானே? என் மனைவிக்கு உயிர். போனமுறை தந்த உறைப்பான வடை, அது எனக்கு!"

"நான் உங்களுக்குத் தரவில்லையே?"

"உங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து தருவாவே," என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ விளங்கியது. தரைமட்டம் வரும்வரை இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே தவத்திடம் போனேன். குசினி மேசையில் இருந்து பொரிந்து தள்ளினேன்.

"ஆறு மாதம் தவம்! ஒரு வாய் வைக்கேல்லையாம். என்ர கை என்ன அவ்வளவு ஊத்தையோ? நாங்கள் என்ன மனிசர் இல்லையோ? சிரிச்சுச் சிரிச்சு வாங்கிறா, பிறகு தூக்கி ஆருக்கோ குடுக்கிறா. அப்பிடியெண்டால் எங்களை என்னெண்டு நினைக்கிறா?"

தவம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அவா குப்பையில போடேல்லையே அக்கா. சாப்பிடுற ஆளாப் பாத்துத்தானே குடுத்திருக்கிறா."

"அது வேற கதை. ஒரு வீட்டுச் சாப்பாட்டைத் தொடமாட்டன் எண்டிறது அந்த வீட்டு ஆக்களையே தொடமாட்டன் எண்டிறதுதானே?"

தவம் கத்தியை வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கோக் ரின்னை எடுத்து, அதன் மேற்பக்கத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, உடைக்காமல் எனக்கு முன்னால் வைத்தாள். தேத்தண்ணி வேண்டுமா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. திரும்பிப் போய் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.

எழும்பிப் போகவும் முடியவில்லை. "தேத்தண்ணி போடும் தவம்" என்று சொல்லவும் நா எழவில்லை. ரின்னை உடைத்துக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

6

புதுவருடத்துக்கும் அந்தப் பெரிய விரதத்துக்கும் இடையிலுள்ள நாட்களில் அவர்கள் ஆள் ஆளாகத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். மனிதருக்குச் செய்த பிழையை மனிதர்தான் மன்னிக்க வேண்டுமாம். கடவுள் அதில் தலையிடமாட்டாராம். இதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஒரு பின்னேரம் மிரியம் கதவைத் தட்டினாள். தட்டு இல்லாமல் வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

"சாந்தி, மனுவேல் சொன்னார். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டுக்குச் சட்டம் உண்டு. பானை, எண்ணெய், அடுப்பு எல்லாவற்றுக்கும். என் சொந்தத் தங்கை அந்தச் சட்டத்தை விட்டுவிட்டாள். அவள் வீட்டிலும் நான் சாப்பிடுவதில்லை. ஆனால் நீங்கள் தட்டோடு வந்து நிற்கும்போது சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் அடுப்படியில் நிற்பதைத் தெரிந்துகொண்டே விட்டேன். பொய்யாக 'ஆகா' சொன்னேன்."

அவளுடைய இங்கிலீசில் பாதிதான் எனக்கு அப்போது விளங்கியது. பிறகு தாழ்ந்த குரலில், வேகமாக, ஏதோ ஒன்று கேட்டாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. ஐயோ, உதெல்லாம் என்னத்துக்கு என்ற அர்த்தத்தில், நான் அவசரமாகக் கையை ஆட்டி, "நோ, நோ!" என்றேன்.

அவளுடைய முகம் வெளிறியது. "விளங்குகிறது. நான் மறுபடியும் வருவேன்," என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

உள்ளே இருந்து அபி ஓடிவந்தாள்.

"அம்மா! வாட் டிட் யூ டூ? அவா தன்னை மன்னிப்பீங்களோ எண்டு கேட்டவா. நீங்கள் நோ எண்டு சொல்லிட்டீங்கள்! ரெண்டு தரம்!"

வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு ஓடினேன். "மிரியம், யெஸ்! யெஸ்!" என்று நான் கத்திய சத்தத்தில் அந்த மாடியில் மூன்று கதவுகள் திறந்தன. அவள் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் கேட்டேன், "அப்படியானால் நான் உங்களுக்கு என்ன தரலாம்?"

"பழம். வெட்டாத முழுப் பழம்," என்றாள். "இல்லாவிட்டால் கடையில் வாங்கி மூடி திறக்காத போத்தல்."

என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னவென்று கேட்டாள். தலையிடி என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். மிரியம் தன்னைத் தானே கட்டிவைத்த சட்டத்தால் என் பலகாரத்தைச் சாப்பிடவில்லை. சொல்லாமல் விட்டதற்கு வெட்கப்பட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தன் அடுப்பில் சுட்டதை என் பிள்ளைக்குக் கொண்டுவந்து தருகிறாள். எங்களிடம் அப்படி எந்தச் சட்டமும் இல்லை. தவத்தின் பானையிலோ எண்ணெயிலோ எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பிறந்த வீடுதான் குறை. அதை மறைக்கத்தான் விரதம் என்று பொய் சொன்னேன். முருகனின் பெயரைச் சொல்லிச் சொன்னேன்.

7

விரதம் முடிந்து ஐந்தாம் நாள் கொட்டில் பெருநாள் தொடங்கியது. கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய புல்லில், மிரியத்தின் கணவரும் வேறு இரண்டு குடும்பத்தாரும் பலகைகளை நிறுத்தி, மேலே மரக்கிளைகளைப் பரப்பினார்கள். கிளைகளுக்கு ஊடாக வானம் தெரிய வேண்டுமாம். வனாந்தரத்தில் வீடில்லாமல் அலைந்த காலத்தின் நினைவு அது. மிரியம் எங்களை ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

"மூன்றாம் மாடியில் என்ர சிநேகிதி ஒருத்தி இருக்கிறா. அவையையும் கூட்டிவரலாமோ?" என்று கேட்டேன். சிநேகிதி என்ற சொல்லை அன்றைக்குத்தான் தவத்துக்குப் பாவித்தேன், அதுவும் இங்கிலீசில்.

"விருந்தாளி கூடினால்தான் இந்தப் பெருநாளுக்கு அழகு," என்றாள் மிரியம்.

இவருக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. கொட்டிலுக்குள் போனபோது மிரியத்தின் கணவர் இவரையும் நடேசனையும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. எல்லாரும் கோட்டோடு இருந்தோம். பாணைப் பிய்த்து வைத்த தட்டு கை மாறிக் கை மாறி வந்தது. நடேசன் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தட்டை இவரிடம் நீட்டினார். இவர் எடுத்தார். பிறகு நடேசன் கூசாவைத் தூக்கி இவருடைய கிளாசில் தண்ணீர் வார்த்தார். ஊரில் அவர்கள் பக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வார்த்ததை நான் கண்டதில்லை. இவர் கிளாசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சூப் உறைப்பில்லை, ஆனால் இவருக்குப் புரைக்கேறியது. தண்ணீரைக் குடித்தார். நடேசன் திரும்பவும் வார்த்தார்.

சாப்பிட்டுத் திரும்பும்போது லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது.

"வாங்கோவன் அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார் நடேசன்.

"இல்லை நடேசன், நாளைக்கு வெள்ளண வேலை," என்றார் இவர்.

நான் அபியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினேன். இவர் உள்ளேயே நின்றார். கதவு சாத்துப்பட்டு லிஃப்ட் மேலே போயிற்று.

குசினியில் தவமும் நானும் மட்டும். மிரியம் செய்ததைப் போலச் செய்துவிடலாம் என்றுதான் நான் இறங்கியிருந்தேன்.

"தவம், என்னை மன்னிச்சுக் கொள்ளும்."

"எதுக்கு அக்கா?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. மிரியம் பானை, எண்ணெய், பொய் 'ஆகா' என்று ஒன்றொன்றாகப் பெயர் சொன்னாள். நான் ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தேன்.

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் எண்டால் எதுக்கு?"

"கோக்..." என்றேன்.

தவம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை.

"எங்கட அம்மா உங்கட கோயிலடிக் கிணத்தில வாளியைத் தொடேலாது. ஆராவது வந்து அள்ளி ஊத்துமட்டும் குடத்தோட நிப்பா. வெயிலுக்க நிப்பா. நானும் பக்கத்தில நிண்டிருக்கிறன். நான் மன்னிக்கிறதெண்டால் அவாவைக் கேக்க வேணும் அக்கா. அவா இப்ப இல்லை."

பிறகு கேத்திலை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள்.

"தேத்தண்ணி போடுறன். அது வேற."

போட்டுத் தந்தாள். குடித்தேன்.

8

அடுத்த வருடம் நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்துவிட்டோம். தவமும் நடேசனும் ஒஷாவாவில் வீடு எடுத்திருக்கிறார்கள். இவர் அங்கே வந்தால் இப்போதும் காருக்குள் இருந்து பேப்பர் படிப்பார். கார் சூடாக இருக்கிறது என்பார். அபி அவர்கள் வீட்டுக்குள் போனால் நேரே பானையைத் திறக்கிறாள். "டாடி ஏன் உள்ளுக்கு வாறேல்லை?" என்று கேட்கிறாள். நானும் குளிர் என்றுதான் சொல்கிறேன்.

தவம் என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். சிரிக்கிறாள், ஊர்ப் புதினம் கதைக்கிறாள், நான் கொண்டுபோகும் பலகாரத்தை எனக்கு முன்னாலேயே உடைத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும், நான் கோட்டைக் கழற்ற முந்தியே கேட்கிறாள்.

"என்ன குடிக்கிறீங்கள் அக்கா?"

யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான். தேத்தண்ணி என்று சொல்ல எனக்கு ஒரு கணம் பிந்துகிறது. தவம் அந்தக் கணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.